இருநூற்றுப் பதினாலாம் பக்கத்துக் கால்கள்

உபைதுல்லாவுக்குத் தடித்த புத்தகங்கள் மீது மரியாதை உண்டு. சுமந்து சுமந்து வந்த மரியாதை அது. மரக்காணத்தில் பத்தாம் வகுப்பைக் கோட்டை விட்டுவிட்டு, இருபத்திரண்டாவது வயதில் மஸ்கட்டுக்கு விமானம் ஏறியவர், அங்கே ஒரு கல்லூரி நூலகத்தில் கடைநிலை வேலையில் சேர்ந்தார். கூட்டுவது, துடைப்பது, மாணவர்கள் மேசையில் போட்டுவிட்டுப் போன புத்தகங்களை அதனதன் இடத்தில் அடுக்குவது. அவர் பொறுப்பில் விட்டிருந்தது ரெஃபரன்ஸ் பகுதி. வீட்டுக்கு எடுத்துப்போக முடியாத புத்தகங்கள். அகராதி, கலைக்களஞ்சியம், மருத்துவக் கையேடு, தேசப்படம். ஒவ்வொன்றும் செங்கல் கனம்.

ஆங்கிலத்தை அவர் அந்தப் புத்தகங்களில்தான் கற்றார். மதிய இடைவேளையில் ஒரு தொகுதியைப் பிரித்து, படத்துக்குக் கீழே இருக்கிற இரண்டு வரியை எழுத்துக்கூட்டிப் படிப்பார். படத்தைப் பார்த்தால் வார்த்தைக்கு அர்த்தம் பிடிபட்டுவிடும். ஏழெட்டு வருஷத்தில் முழுப் பக்கமும் படிக்க வந்துவிட்டது. தங்கியிருந்த அறையில் யாருக்கு எந்தச் சந்தேகம் என்றாலும் அவரிடம் வருவார்கள். ஒட்டகம் தண்ணீரைத் திமிலில் சேர்த்துவைக்கும் என்று ஒருவர் சாதித்தபோது, மறுநாள் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்து, "அது கொழுப்புப்பா" என்றார். அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை. புத்தகத்தில் இருந்தால் சரி.

இருபத்திரண்டு வருஷம் கழித்து, வேலைகளை அந்த நாட்டுக்காரர்களுக்கே கொடுக்கும் ஏற்பாடு வந்தது. உபைதுல்லா ஊர் திரும்பி, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டார். அடுத்த வருஷம் டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. கரையோரக் குப்பங்களில் உயிர்கள் போயின. உப்பளங்களில் பாத்திகள் இருந்த இடம் தெரியாமல் சேறு ஏறியது. அதன் பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் வந்தபடி இருந்தன. போர்வை கொடுக்க ஒரு வண்டி, பிஸ்கட் கொடுக்க ஒரு வண்டி, கேள்வி கேட்க பத்து வண்டி.

அப்படி வந்த ஒரு வண்டியிலிருந்து, 2005 மார்ச் மாதம், டாக்டர் பக்தவச்சலம் இறங்கினார். சென்னையில் ஓர் ஆய்வு மையத்தை நடத்துகிறவர். கடைக்குள் வந்து ஒரு கேள்வித்தாளை நீட்டி, முந்நூறு பிரதி கேட்டார். அறுபத்து நான்கு கேள்விகள். ஜெராக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே உபைதுல்லா தலைப்பைப் படித்துவிட்டார்.

"இது எதுக்கு சார்?"

"ரெஃபரன்ஸ் வொர்க். மூணு வால்யூம். ஹெல்த் ஒண்ணு, ஹிஸ்டரி ஒண்ணு, என்விரான்மென்ட் ஒண்ணு. இந்தக் கரை முழுக்க எடுக்கறோம். இனிமே உலகத்துல எந்த லைப்ரரியில இந்தக் கோஸ்ட்டைப் பத்திக் கேட்டாலும் இதைத்தான் எடுத்துக் கொடுப்பாங்க." சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "நீங்க இங்கிலீஷ் படிக்கறீங்களே."

ரெஃபரன்ஸ் என்ற சொல்லே போதுமாக இருந்தது. உபைதுல்லா மஸ்கட் கதையைச் சொன்னார். களப்பணிக்கு உள்ளூர் உதவியாள் வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், மறுநாளே கடையை மனைவி ஜெயினம்பு கையில் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்.

டாக்டரோடு ஆறு மாணவர்கள் வந்திருந்தார்கள். அவர்களை உபைதுல்லா முதலில் அழைத்துப்போனது சின்னப்பாப்பாவிடம். பதினாலு பெண்கள் சேர்ந்து உப்பள வேலைக்குப் போகும் ஒரு செட்டுக்கு சின்னப்பாப்பாதான் தலைவி. நாற்பத்தைந்து வயது. புருஷன் செத்து ஒன்பது வருஷம். மகள் இலக்கியா பன்னிரண்டாவது முடித்துவிட்டு திண்டிவனத்தில் ஒரு துணிக்கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு சின்னப்பாப்பா பாத்திக்குள் முழங்கால் சேற்றில் நின்று, கடல் கொண்டுவந்து கொட்டியதைக் கூடையில் வாரிக்கொண்டிருந்தார். கரை ஏறி வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"எயுதிக்கினு போயி இன்னா பண்ணுவாங்க பாய்?"

"புத்தகத்துல போடுவாங்கம்மா. பெரிய புத்தகம். டாக்டருங்க, கவர்மெண்ட் ஆளுங்க எல்லாம் அதப் பாத்துதான் முடிவு பண்ணுவாங்க. அதுல ஒரு தபா வந்துட்டா, இவங்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லன்னு எவனும் சொல்ல முடியாது."

"பேரு வருமா?"

"வரும்."

"அப்ப சரியா எயுதச் சொல்லு. ரேஷன் கார்டுல சின்னப்பொண்ணுன்னு போட்டு வச்சிருக்கான். நான் சின்னப்பாப்பா."

அறுபத்து நாலு கேள்விக்கும் பதில் சொன்னார். கண் கூசுகிறது, பொழுது சாய்ந்தால் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது, காலில் வெடிப்பு ஆறுவதில்லை, குடிக்கிற தண்ணீரே உப்புக் கரிக்கிறது. ஒரு மாணவி கேமராவை எடுத்து, கால்களைக் காட்டச் சொன்னாள். சின்னப்பாப்பா கூச்சப்பட்டார். "காட்டும்மா, இதுவும் புத்தகத்துக்குத்தான்" என்றார் உபைதுல்லா. வரப்பில் உட்கார்ந்து, குதிகால் வெடிப்பும் விரலிடுக்குப் புண்ணும் தெரிகிற மாதிரி நீட்டினார். பிறகு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார்.

மூன்று நாள் வேலை ஒழுங்காக நடந்தது. நான்காம் நாள் வெயில் ஏறியதும் மாணவர்கள் வண்டியை விட்டு இறங்கவில்லை. உபைதுல்லா கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஒரு பையன் மடியில் கேள்வித்தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு வரிசையாக டிக் அடித்துக்கொண்டிருந்தான்.

"யாரையும் கேக்கலையே தம்பி?"

"ஆவரேஜ் தெரிஞ்சிடுச்சு அங்கிள். எல்லாரும் ஒரே மாதிரிதானே சொல்றாங்க. உள்ள வாங்க, ஏசி போட்டிருக்கு."

உபைதுல்லா உள்ளே போய் உட்கார்ந்தார். அவர்கள் நீட்டிய குளிர்ந்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். முந்நூறில் தொண்ணூற்றிரண்டு பேரைத்தான் நேரில் பார்த்திருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். பெரிய இடத்தில் இதற்கெல்லாம் ஏதோ கணக்குமுறை இருக்கும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

2006 ஜனவரியில் புத்தகம் வந்தது. ஊரில் ஒரு பள்ளிக்கூடத்து நூலகத்துக்கு ஒரு செட்டை விழா வைத்துக் கொடுத்தார்கள். உபைதுல்லாவுக்கும் மூன்று தொகுதிகள் பார்சலில் வந்தன. கறுப்புக் காலிக்கோ அட்டை, தங்க எழுத்து. பிரித்ததும் புதுப் பசையும் மையும் கலந்த வாசனை எழும்பியது. இருபத்திரண்டு வருஷம் அவர் மூக்குக்குப் பழகிய வாசனை. ஜெயினம்புவைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னார்.

முதலில் சூழல் தொகுதியைத் திறந்தார். மரக்காணம் உப்பளம் என்ற தலைப்பின் கீழ், குளிர்காலத்தில் காட்டுக் கழுதைகள் பாத்திகளில் இறங்கி மேய்வதாகவும், ஜனவரி இரவுகளில் தண்ணீர் உறைகிற அளவுக்குப் பனி கொட்டுவதாகவும் போட்டிருந்தது. திரும்பப் படித்தார். எந்தப் பாலைவனத்தைப் பற்றியோ யாரோ எழுதியதை எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் நிலைக்கவில்லை. வரலாற்றுத் தொகுதியில் இரும்பை என்ற ஊரின் கோயில் படத்துக்குக் கீழே பிரம்மதேசம் என்று அச்சாகியிருந்தது. இரண்டு ஊருக்கும் போய் வந்தவர் அவர்.

உடல்நலத் தொகுதியில் இருநூற்றுப் பதினாலாம் பக்கம். சின்னப்பாப்பாவின் கால்கள். பக்கத்தில் உள்ளங்கைகள். மேலே சிறிதாக முகம். கீழே இரண்டு வரி: உப்பளத் தொழிலாளரிடையே தொழுநோய், சின்னப்பாப்பா, வயது 45, மரக்காணம். களத்தில் உறுதி செய்தவர், உபைதுல்லா.

பெயர் மட்டும் ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தது.

எதிர்ப்பக்கத்தில் அட்டவணை. முந்நூறு பேரில் முப்பத்தொரு பேருக்கு அந்த நோய் என்றது. கேள்வித்தாளில் அந்த நோயைப் பற்றி ஒரு கேள்விகூடக் கிடையாது. முந்நூறு பிரதியையும் போட்டவருக்குத் தெரியாதா. உபைதுல்லா புத்தகத்தை மூடினார். சற்று முன் ஆசையாக இழுத்த அதே வாசனை இப்போது தொண்டையில் வந்து நின்றது. மதியம் ஜெயினம்பு வைத்த மீன் குழம்பைத் தொட முடியவில்லை. வாசலுக்குப் போய் இரண்டு முறை காறித் துப்பினார்.

"நீங்க ஒண்ணும் பண்ணலைங்களே," என்றாள் ஜெயினம்பு, விஷயத்தைக் கேட்டுவிட்டு. "அவங்க பண்ணதுக்கு நீங்க ஏன் இப்பிடி?"

"வண்டிக்குள்ள அவங்க எயுதறதப் பாத்துட்டு வாய மூடிக்கினு இருந்தேன். அதுக்கு இன்னா பேரு?"

மூன்று தொகுதிகளையும் துணியில் சுற்றி பீரோவின் மேல் போட்டார். சின்னப்பாப்பாவிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று தினமும் நினைத்தார். தினமும் ஒரு சாக்கு கிடைத்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு நாள் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக மறுநாள் தன்னையே திட்டிக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் சின்னப்பாப்பாவே கடைக்கு வந்தார்.

இலக்கியாவுக்குப் பிரம்மதேசத்தில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் சிவப்பிரகாசம், நாலு ஏக்கர் நஞ்சை வைத்திருக்கிற விவசாயி. அவருடைய மச்சினன் புத்தகம் போன அந்தப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். புது வரவு என்று புரட்டியவர் கண்ணில் முகம் பட்டிருக்கிறது. நிச்சயத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது, இப்போதைக்கு வேண்டாம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். காரணம் வேறு வழியாக வந்து சேர்ந்தது.

"பொஸ்தகத்துல என்னிய குஷ்டக்காரின்னு போட்டிருக்காமே. நீ படிச்சியா பாய்?"

"படிச்சேம்மா."

"எப்ப?"

"பன்னெண்டு நாளாச்சு."

சின்னப்பாப்பா அவர் முகத்தையே பார்த்தார். ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள்.

"பன்னெண்டு நாளா உனுக்குத் தெரியும்," என்றார் சின்னப்பாப்பா. குரல் உயரவில்லை. "சரி, இன்னா எயுதியிருக்குதுன்னு படி."

உபைதுல்லா வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். தன் பெயர் வரும் வரியையும் விடவில்லை. சின்னப்பாப்பா படத்தின் மேல் விரலை வைத்துத் தன் குதிகாலைத் தடவிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரில ஒரு டெஸ்ட் எடுத்து, இல்லன்னு எயுதி வாங்கிடலாம்மா. நான் கூட வர்றேன்."

"நான் எதுக்குப் போவணும்? உனுக்கு இல்லன்னு நீ போயி எயுதி வாங்குவியா?" சின்னப்பாப்பா எழுந்துகொண்டார். "எங்க மாமியா தங்கச்சிக்கு அந்த நோவு இருந்துது. மாத்திர துன்னு நல்லாயி, எங்கூட்டுலதான் பதினோரு வருசம் இருந்தாங்க. நாந்தான் சோறு போட்டேன், தலை வாரிவுட்டேன். அந்த நோவு வந்தா கேவலம்னு நான் சொல்லல. எனக்கு இல்லாதத இருக்குதுன்னு சொல்லி, என் காலையே எடுத்துக் காட்டறானே, அதான் கேவலம். அவனுக்குக் கால நீட்டச் சொன்னது நீ."

உபைதுல்லா மறுநாள் காலை பஸ்ஸில் சென்னைக்குப் போனார்.

ஆய்வு மையத்தில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்த பிறகு டாக்டர் கூப்பிட்டார். மேசை மேல் பூங்கொத்துகள் வாடிக்கொண்டிருந்தன. வெளியீட்டு விழா போட்டோ சுவரில் மாட்டியிருந்தது. உபைதுல்லா பக்கத்தைத் திறந்து வைத்து, நடந்ததைச் சொன்னார். டாக்டர் பக்தவச்சலம் படத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"லெப்ரஸி சாப்டருக்கு ஒரு படம் வேணும்னு பப்ளிஷர் பிடிச்ச பிடியா நின்னாங்க. இது க்ளியரா இருந்தது. பசங்க போட்டுட்டாங்க போலிருக்கு."

"அந்தம்மாவுக்கு அந்த நோய் இல்ல சார்."

"மே பி. பார்த்தா அப்படித்தானே இருக்கு."

"அந்தம்மா பொண்ணு கல்யாணம் நின்னுடுச்சு. நான் உறுதி பண்ணேன்னு வேற போட்டிருக்கீங்க. நான் எப்ப சார் உறுதி பண்ணேன்?"

"அது உங்களுக்கு ஒரு கிரெடிட்டா இருக்கட்டும்னு கொடுத்தது உபைதுல்லா." டாக்டர் சிரித்தார். "நீங்க லைப்ரரில இருந்தவர், உங்களுக்குத் தெரியாததா? ரெஃபரன்ஸ் புக்கை யார் படிக்கறாங்க? வாங்கி வைப்பாங்க, அவ்ளோதான். அடுத்த பிரிண்ட்ல பாத்துக்கலாம். டீ சொல்லட்டுமா?"

"தப்புன்னு ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க சார். பள்ளிக்கூடத்துல காட்டறேன்."

"லெட்டரெல்லாம் லீகலா சிக்கல்."

டீ வந்தது. தட்டில் நாலு பிஸ்கட். மஸ்கட்டில் ஒவ்வொரு தொகுதியையும் துணியால் துடைத்து, இரண்டு கையாலும் தூக்கி அடுக்கினோமே, அத்தனையும் இப்படிப்பட்ட மேசைகளிலிருந்துதான் வந்திருக்குமோ என்று உபைதுல்லாவுக்கு ஒரு கணம் தோன்றியது. டீயைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார். ஊர் வந்து சேர்கிற வரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, வெளியே எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

மார்ச்சில் சின்னப்பாப்பாவின் குதிகால் சீழ் வைத்தது. நடக்க முடியாமல் போனதும், தானாகவே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். அங்கே இருந்த டாக்டரம்மா ஊர்ப் பேச்சைக் கேட்டிருந்தார். பஞ்சால் தொட்டுப் பார்த்து, முழங்கை நரம்பை அழுத்திப் பார்த்து, காது மடலில் சிறு கீறல் போட்டு நீர் எடுத்து அனுப்பினார். சில நாளில் முடிவு வந்தது. ஒன்றும் இல்லை. உப்புத் தண்ணீரில் ஊறி வருகிற வெடிப்பு, பூட்ஸ் போடாமல் ஆறாது என்றார் டாக்டரம்மா. சீழுக்கு மருந்து கொடுத்தார். கொடுக்க பூட்ஸ் அவரிடம் இல்லை.

ஒன்றும் இல்லை என்கிற செய்தி பிரம்மதேசத்துக்கும் போனது. சிவப்பிரகாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னப்பாப்பா வீட்டுக்கு வந்தார். சின்னப்பாப்பா உபைதுல்லாவைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். "நீயும் இருந்து கேளு" என்று மட்டும் சொன்னார். பன்னிரண்டு நாள் விஷயத்துக்குப் பிறகு அவர் உபைதுல்லாவிடம் பேசியது அதுதான் முதல் முறை.

இலக்கியா டீ கொண்டுவந்து சிவப்பிரகாசத்தின் முன்னால் வைத்தாள். அவர் நல்ல மனிதர்தான் என்று ஊரில் பேர். டீ வந்தது முதல் அந்த டம்ளரைப் பார்க்காமலே பேசிக்கொண்டிருந்தார்.

"டாக்டரே சொல்லிட்டாங்க. எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. வர்ற ஆவணியில வச்சுக்கலாம். ஆனா, நாலு பேரு வாயி இருக்குது பாருங்க. கல்யாணத்தன்னிக்கு அம்மா மேடை ஏற வேணாம். பந்திப் பக்கமும் வர வேணாம். அந்த ஒரு நாளு மட்டுந்தான். அப்பறம் யாரு கேக்கப் போறாங்க."

சின்னப்பாப்பா மகளைப் பார்த்தார். வேண்டாம் என்று தான் சொல்லி, மகளின் வாழ்க்கையைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் அந்த முகத்தில் இருந்தது. சரி என்று சொல்லிவிடுவாரோ என்று உபைதுல்லாவுக்குப் பதறியது.

இலக்கியா குனிந்து டம்ளரை எடுத்துக்கொண்டாள். "ஆறிப் போச்சுங்க. வேற போட்டாலும் நீங்க குடிக்கப் போறதில்ல."

"அப்பிடி இல்லம்மா, நான் வெளிய டீ..."

"எங்கம்மா பந்திக்கு வரக்கூடாதுன்னா அந்தப் பந்தி எனக்கு வேணாங்க. நீங்க போயிட்டு வாங்க."

சிவப்பிரகாசம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் போன பிறகு சின்னப்பாப்பா அந்த டீயை வாசல் மண்ணில் கொட்டி, டம்ளரை இரண்டு முறை கழுவினார். உபைதுல்லா எழுந்து நின்றார்.

"இன்னா பாய் நிக்கற? எதனா பண்ண முடிஞ்சா பண்ணு. முடியலன்னா போயி கடையத் தொற."

பண்ண முடிந்தது ஒன்றுதான் அவர் நினைவுக்கு வந்தது. மஸ்கட்டில் சில சமயம் பதிப்பகத்திலிருந்து துண்டுத் தாள்கள் வரும். இன்ன பக்கத்தில் இன்ன பிழை, இப்படித் திருத்திப் படிக்கவும் என்று அதில் இருக்கும். அந்தந்தப் புத்தகத்தில் அந்தந்தப் பக்கத்தில் அதை ஒட்டுவது அவருடைய வேலையாக இருந்தது. உபைதுல்லா உட்கார்ந்து எழுதினார். பக்கம் 214, படம் தவறு. படத்தில் இருப்பவருக்கு இந்த நோய் இல்லை, பரிசோதித்து அறியப்பட்டது. எதிரில் உள்ள அட்டவணையில் முந்நூறு பேர் என்பதும் பொய், பார்த்தது தொண்ணூற்றிரண்டு பேரை. கீழே, இதை உறுதி செய்ததாக என் பெயர் உள்ளது, நான் செய்யவில்லை, உபைதுல்லா, மரக்காணம் என்று போட்டார். ஆங்கிலத்தில் ஒரு பாதி, தமிழில் ஒரு பாதி. சின்னப்பாப்பாவிடம் படித்துக் காட்டினார். "உன் பேரக் கீய போட்டியே, அது சரி" என்றார் அவர்.

முதல் துண்டைப் பள்ளிக்கூடத்துப் பிரதியில், தலைமையாசிரியர் எதிரிலேயே ஒட்டினார். சிவப்பிரகாசத்தின் மச்சினனான அந்த வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாம் தொகுதியின் கடைசியில், முன்பணம் கட்டி வாங்கிய நூலகங்களின் பட்டியல் இருந்தது. ஐம்பத்தெட்டு. தூரத்து ஊர்களுக்குத் தபாலில் அனுப்பினார். போய்வரக்கூடிய பதினாறுக்கு, வாரம் ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு, பையில் கோந்து டப்பாவோடு நேரில் போனார்.

முதலில் போன கல்லூரியில், பதிப்பகத்தின் கடிதம் இல்லாமல் எதையும் ஒட்டக்கூடாது என்றார்கள். பார்க்கவாவது விடுங்கள் என்று கேட்டு உள்ளே போனார். ரெஃபரன்ஸ் அலமாரி எங்கே இருக்கும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொகுதியை எடுத்துத் திறந்தார். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒருவர் கையும் படவில்லை. வாங்கி வைப்பார்கள், அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னது உண்மைதான். அந்த மனிதர் சொன்னதில் உண்மையாக இருந்தது அது ஒன்றுதான் என்று நினைக்கும்போது மேலும் கசந்தது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, துண்டை ஒட்டி, விரலால் நீவிவிட்டு வைத்தார். அதன் பிறகு ஒட்டவிட்ட இடத்தில் கேட்டு ஒட்டினார், விடாத இடத்தில் கேட்காமல் ஒட்டினார்.

ஒரு நர்சிங் பள்ளியில் மட்டும் புத்தகம் கசங்கியிருந்தது. இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தின் ஓரம் விரல் பட்டுப் பட்டு அழுக்கேறியிருந்தது. சின்னப்பாப்பாவின் கால்களைச் சுற்றி யாரோ பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் எழுதியிருந்தார்கள்: முக்கியம், இரண்டு மார்க். பிள்ளைகள் இந்தப் படத்தைப் பார்த்து அந்த நோயை அடையாளம் காணப் படிக்கிறார்கள். நாளைக்கு எந்த ஊர் ஆஸ்பத்திரியிலோ, வெடித்த காலோடு வருகிற ஒரு உப்பளக்காரியைத் தள்ளி நிற்கச் சொல்வார்கள். அங்கே நூலகராக இருந்த தெய்வநாயகி என்ற அம்மா, உபைதுல்லா நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்து நிற்பதைக் கண்டு வந்து விசாரித்தார். துண்டை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"கோந்தைக் கொடுங்க, நானே ஒட்டறேன்," என்றார். ஒட்டிவிட்டு, ரப்பரால் அந்த பென்சில் வட்டத்தையும் அழித்தார்.

நவம்பரில் தெய்வநாயகி அம்மாவிடமிருந்துதான் ஒரு தபால் வந்தது. புத்தகம் மறுபடி அச்சாகியிருக்கிறது, பள்ளிக்கு ஒரு இலவசப் பிரதி வந்தது, நீங்கள் பார்க்கவேண்டும் என்று எழுதி, இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தின் ஜெராக்ஸை வைத்திருந்தார். சின்னப்பாப்பாவின் முகம் இல்லை. பெயர் இல்லை. உபைதுல்லாவின் பெயரும் இல்லை. உப்பளத் தொழிலாளரிடையே தொழுநோய், மரக்காணம் என்ற வரி அப்படியே இருந்தது. மேலே வேறு இரண்டு கால்கள். எதிர்ப்பக்கத்தில் முந்நூறு பேரும் அப்படியே.

மழைக்காலம். பாத்திகளில் வெள்ளம் நின்றது. சின்னப்பாப்பா வீட்டில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். இலக்கியா வேலைக்குப் போயிருந்தாள். துணிக்கடையில் இப்போது கல்லாவில் உட்காரவைத்திருந்தார்கள். உபைதுல்லா தாளை நீட்டினார். இதற்குத்தான் இத்தனை அலைந்தாயா என்று கேட்பார் என்று எதிர்பார்த்தார்.

"இது என் காலு இல்லியே."

"இல்லம்மா. உங்களுத எடுத்துட்டாங்க."

"அப்ப எவ காலு?"

"தெரியல. பேரு போடல."

சின்னப்பாப்பா தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். "இவ உப்புல நின்னவ இல்ல பாய். உப்புன்னா குதிகாலு பாளமா வெடிக்கும். இது சேத்துப்புண்ணு. நடவுக்காரி. மெட்டி தேஞ்சிருக்குது பாரு, வயசு என்னியவிட இருக்கும்." முறத்தை ஓரமாக வைத்தார். "இவளுக்குத் தெரியுமோ தெரியாதோ."

"அவங்களுக்கு யாரா இருந்தா இன்னாம்மா. ஒரு காலு போனா இன்னொரு காலு." உபைதுல்லாவின் குரலில் கசப்பு வழிந்தது. "இனிமே நான் எந்தப் புத்தகத்தையும் தொடப் போறதில்ல."

"தொடாத. ஆனா, இவ எந்த ஊருக்காரின்னு கேக்கலாமில்ல. மழையில வேல இல்லாம நான் ஊட்டுலதான் இருக்கறேன், வர்றேன்."

அடுத்த வாரம் இருவருமாகக் கிளம்பினார்கள். பிரம்மதேசத்துப் பக்கம் போய்ப் பார்த்தார்கள். கீழ்புத்துப்பட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். சம்பா வயலில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்களிடம் சின்னப்பாப்பா தாளைக் காட்டி, இது யார் கால் என்று தெரியுமா, போட்டோ எடுக்க யாராவது வந்தார்களா என்று கேட்டார். நாலைந்து வண்டி வந்தது, எடுத்தார்கள், யாரை எடுத்தார்கள் என்று ஞாபகமில்லை என்றார்கள். நான்கு நாள் அலைந்தும் ஆள் கிடைக்கவில்லை. உபைதுல்லா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தாள் கைமாறிக் கைமாறிப் போனது. வாங்கிப் பார்த்த ஒவ்வொருத்தியும், ஒரு கணம் சேற்றிலிருந்து தன் காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள்.